ஏழாம் பதிப்பில் நாய் இல்லை

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது.
வெந்துவிட்டதென்று உடம்பை நம்பவைப்பது
என் வேலை.
மாதச் சம்பளத்துக்குப் புகை செய்கிறேன்.

வல்பரைசோவின் சரிவொன்றைத்
தகரம் தகரமாக அளந்து வந்து
கணினிக்குள் அடுக்கினேன்.
பன்னிரண்டு படிகள்.
முதுகுப்பக்கம் கடல், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.
நான்காம் படியருகே எரிவாயு உருளை.
காற்று தெற்கிலிருந்து.

முதல் பதிப்பில் புகை அழகாயிருந்தது.
அதுதான் பிழை.
வந்தவர்கள் நின்று ரசித்தார்கள்.
மூன்றாம் பதிப்பில் தலைசுற்றி ஒருவர்
வாளியைத் தேடினார்.
நான்காம் பதிப்பில் புகைக்கு
ஒரு நிறத்தைக் குறைத்தேன், பயம் கூடியது.

கற்க வருகிறவர்கள் கூலி வாங்காத தீயணைப்பாளர்கள்:
ரொட்டி சுடுகிற நிபால்தோ,
பல் மருத்துவரின் உதவியாளர் எதுவிகிஸ்,
இரவில் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணும் பல்தசார்.
வேலை முடிந்து கைகழுவி வந்து
தலையில் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள்.
தண்ணீர்வண்டி நிற்கும் கொட்டகையில்
சிமெண்டுத் தரையில் ஒட்டிய நாடாவுக்குள்
எரிகிறது ஒரு தெரு.

பாடம் ஒன்றே ஒன்று:
முதலில் வால்வை மூடு. மற்றதெல்லாம் பிறகு.
நாற்பது நொடி.

ஆறாம் பதிப்பில்
ஒன்பதாம் படியில் ஒரு நாயை வைத்தேன்.
அலங்காரத்துக்குத்தான்.
நாய் படுக்காத படிக்கட்டை
இந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.
மஞ்சள் நாய், ஒரு காது மடங்கியது,
இலவசக் கோப்பில் கிடைத்தது.
தூங்குவதும் தலைதூக்குவதும் தவிர
ஒன்றும் தெரியாது அதற்கு.

நிபால்தோ வால்வைக் கடந்துபோனார்.
குனிந்தார். வெறுங்காற்றை
இரண்டு கைகளாலும் அள்ளினார்.
உருளை வெடித்தது. திரை சிவந்தது.
எதுவிகிஸ் நாயைக் காலால் எழுப்பப் பார்த்தாள்,
திட்டினாள், பிறகு கெஞ்சினாள். வெடித்தது.
பல்தசார் கடைசிவரை
ஒரு பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்.
நான் அதற்குப் பெயரே வைக்கவில்லை.

பதினொரு பேரில் ஒன்பது பேர் செத்தார்கள்.
அட்டவணையில் எழுதினேன்:
'கவனச் சிதறல். காரணம்: நாய்.'

அழிக்க ஒரு விசை போதும்.
அழித்தேன்.
ஏழாம் பதிப்பில் எல்லோரும் முப்பத்தைந்து நொடிக்குள்
வால்வை மூடினார்கள்.
அதிகாரி கைகுலுக்கினார். கடிதமும் வந்தது.

வியாழக்கிழமை எதுவிகிஸ்
வால்வை மூடிவிட்டு ஏறினாள்.
ஒன்பதாம் படி வந்ததும்
காலை உயரத் தூக்கி
எதையோ மிதிக்காமல் தாண்டினாள்.
முழங்கால் எழும்பிய உயரத்தைக்
கருவி பதிந்துவைத்திருக்கிறது:
படுத்திருக்கும் நாயின் முதுகுக்கு மேல் நான்கு விரல்.

இதை நான் கற்றுத்தரவில்லை.

அன்றிரவு நாயைத் திரும்ப எடுத்தேன்.
கணினியின் குப்பைத்தொட்டி முப்பது நாள் பொறுக்கும்.
பழைய இடத்தில் வைக்கவில்லை.
நான்காம் படியில், உருளையின் நிழலில்
படுக்கவைத்தேன்.
அதற்காகக் குனிகிற கைக்கு
முதலில் வால்வு தட்டுப்படும்.

"ஏமாற்று வேலை" என்றார் பல்தசார்
வியர்வையைத் துடைத்தபடி.
"நிஜத் தீ எந்த நாயையும்
நமக்கு வசதியான இடத்தில் வைக்காது."
பதில் இல்லை என்னிடம்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"மூடின பிறகு கூப்பிட்டால், வருமா அது?"

வருவதற்கு நான்கு கால்களை எழுத வேண்டும்.
வாலைத் தனியாக எழுத வேண்டும்.
ஒப்பந்தத்தில் அதற்கு மணிக்கணக்கு இல்லை.

கொட்டகையைப் பூட்டும்போது
வாசலில் ஒன்று படுத்திருந்தது. கறுப்பு. நிஜம்.
சாவியைக் குலுக்கினேன்,
எப்படி எழுகிறதென்று குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.
முன்னங்கால்கள் முதலில்.
பின்பாதி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.